கடைசிப் பதில்

ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளியில் தப்பாக எழுதிய வரியை ஐம்பது முறை எழுதச் சொன்னால், மூன்று பென்சிலை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி ஒரே இழுப்பில் மூன்று வரி எழுதுவேன். அந்தப் புத்திதான் வளர்ந்து என்னை நிரல் எழுதுகிறவளாக்கியது. எங்கள் தொழிலில் சோம்பேறிகளுக்குத்தான் மரியாதை. எழுதியதையே திரும்ப எழுதுகிறவனை எங்கள் கூட்டத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியாந்தோ செத்ததற்கு என்னுடைய இந்தக் குணம்தான் காரணம். மலையும் மழையும் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் ஊர் மெராப்பி எரிமலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது. மலை கக்கிய மணல் எல்லாம் குலோன் ஆற்றில் வந்து குவிகிறது. ஊரில் பாதிப்பேருக்கு அந்த மணல்தான் சோறு. லாரிகள் ஆற்றுக்குள்ளேயே இறங்கும், ஆட்கள் மண்வெட்டியால் வாரிப் போடுவார்கள். உச்சியில் மழை பெய்தால் மேலே கிடக்கும் மணலும் பாறையும் சேறாகக் கரைந்து அரை மணி நேரத்துக்குள் கீழே இறங்கிவிடும். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வரும். அதனால் மேலே எப்போதும் ஒரு கண் வேண்டும்.

முன்பு அந்தக் கண் பாக் துவிஜோவுடையது; பெரியவர்களை எங்கள் ஊரில் பாக் என்போம். மேல் காவல் குடிசையில் வாக்கி-டாக்கி ரேடியோவுடன் உட்கார்ந்திருப்பார். கால் மணிக்கு ஒரு தடவை கீழிருந்து கூப்பிடுவார்கள், தண்ணீர் எப்படி என்று அவர் சொல்லுவார். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றால் பேச்சே கிடையாது. மண்வெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எல்லோரும் கரையேற வேண்டும். ரேடியோவில் பாட்டரி தீர்ந்திருக்கும், இல்லை மனுஷன் ஒதுங்கப் போயிருப்பார். வருஷத்தில் பத்துத் தடவையாவது வீணாகத்தான் ஏறியிருக்கிறார்கள்.

"உங்க வயித்துக் கோளாறால இன்னிக்கு ஒரு லோடு போச்சு ஐயா" என்று ரேடியோவிலேயே சண்டைக்குப் போவார்கள்.

"லோடு நாளைக்கும் வரும்டா. நீ வருவியா, அதைச் சொல்லு" என்பார் அவர்.

பிறகு ஊரின் ஆற்றுக் காவல் சங்கம் கருவிகள் வாங்கியது. ஆற்றின் உயரத்தை அளக்க ஒன்று, மழையை அளக்கச் சில, வெப்பம், பாட்டரி, கேமரா என்று மலைச்சரிவில் ஆங்காங்கே நட்டார்கள். நான் நகரத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் ஊருக்கு வருகிறவள், சும்மாதானே இருக்கிறாள் என்று நிரல் எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சந்தோஷமாகவே எழுதினேன். ஒவ்வொரு கருவியையும் கேட்டுப் பதில் வாங்கி வர ஒரு சின்ன நிரல் துண்டு; எங்கள் பேச்சில் அதற்கு ஃபங்ஷன் என்று பெயர். மொத்தம் இருபத்துமூன்று. அவை கொண்டுவரும் பதில்கள் பாலத்தடிக் காவல் அறையில் ஒரு திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரேடியோவில் தகவல் சொல்லும் வேலை பிரசோஜோவுக்குக் கிடைத்தது. என் பள்ளித்தோழி சுமிராவின் தம்பி. சுமிராவின் புருஷன்தான் கியாந்தோ, ஆற்றில் மணல் வாருகிறவன். பாக் துவிஜோவுக்கு ஒரு சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மலையில் சிக்னல் மோசம். அரை மணிக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒரு கருவி பதில் சொல்லாது, அந்தக் கட்டம் காலியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் தானே சரியாகும். மாவட்ட அதிகாரி பார்வையிட வரப்போகிறார் என்றதும் சங்கத் தலைவர் பாக் ஹார்கோவுக்கு அந்தக் காலிக் கட்டங்கள் உறுத்தின.

"என்னம்மா இது, பல்லு போன வாய் மாதிரி இருக்கு. ஓட்டை தெரியாமப் பண்ணும்மா" என்றார்.

இருபத்துமூன்று இடத்திலும் ஒரே திருத்தத்தை எழுதுகிற ஆளா நான்? ஒரே ஓர் உறை எழுதினேன். தலையணைக்குப் போடும் உறை போலத்தான், உள்ளே இருக்கும் பஞ்சைத் தொட வேண்டியதில்லை. என் உறை, தனக்குள் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடும். பதில் வந்தால் அதை ஓர் ஓரமாகக் குறித்து வைத்துக்கொண்டு வெளியே கொடுக்கும். பதில் வராவிட்டால், குறித்து வைத்திருக்கும் பழைய பதிலையே எடுத்துக் கொடுக்கும். மொத்தம் பன்னிரண்டு வரி. அதற்குக் 'கடைசிப் பதில்' என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைக்கு மேலும் அந்தப் பெயரை ஒரு வரியாக எழுதிவிட்டால் போதும், உறை மாட்டிக்கொள்ளும். மழை, வெப்பம், பாட்டரி என்று வரிசையாக ஒட்டிக்கொண்டே போனேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

பாட்டரி எவ்வளவு என்பதற்குப் பத்து நிமிடம் பழைய பதில் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. வெப்பத்துக்கும் அப்படித்தான். ஆற்றின் உயரம் அந்த வரிசையில் பதின்மூன்றாவதாக இருந்தது. அங்கே என் கை நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் நின்று யோசிக்காமல் இருப்பதற்காகத்தானே உறையே எழுதினேன்.

அதிகாரி வந்தார், திரையைப் பார்த்தார், பாராட்டினார். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்கள் அந்த நிரலை அப்படியே ஒரு நகல் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. மதியம் மூன்று மணி ஆகப்போகிறது. நான் நகரத்தில் அலுவலகத்தில் இருந்தேன். அன்றைக்கு ரேடியோவில் நடந்த பேச்சை ஆற்றில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் ஊரே அதை மனப்பாடமாகச் சொல்லும்.

கியாந்தோ கூப்பிட்டிருக்கிறான். "மச்சான், மேல கறுத்துக் கிடக்கே. தண்ணி எப்படி?"

"முப்பத்தெட்டு சென்டிமீட்டர். உன் முழங்கால்கூட நனையாது" என்றிருக்கிறான் பிரசோஜோ.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்க்கத்தானே உக்கார வச்சிருக்காங்க. அசையவே இல்ல மச்சான், முப்பத்தெட்டு. பயமா இருந்தா ஏறி வந்து அக்காகிட்ட திட்டு வாங்கு."

"பாதி லோடு கிடக்கு. முடிச்சிட்டே வரேன்."

அளக்கும் கருவி நட்டிருந்த கம்பத்தை அதற்குள் சேறு அடித்துக்கொண்டு போயிருந்தது. கீழே சேறு வந்து சேர்ந்தபோது மூன்று மணி இரண்டு நிமிடம். சத்தம் கேட்டு ஆறு பேர் ஏறிவிட்டார்கள். கியாந்தோ லாரிக்கு அந்தப் பக்கம் இருந்தான், லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளித்தான் அவன் உடம்பு கிடைத்தது.

எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குற்றம் சொல்ல மாட்டார்கள். விதி என்பார்கள், தலையை ஆட்டுவார்கள். பிறகு பிரசோஜோ டீக்கடைக்கு வந்தால் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தானாம் என்று ஒரு பேச்சு. கண் அசந்துவிட்டானாம் என்று இன்னொன்று. அக்கா வீட்டில் அவனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்தான். இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நூத்தி முப்பத்தெட்டுன்னு இருந்ததை நான் முப்பத்தெட்டுன்னு படிச்சிட்டேனோ? முன்னாடி இருந்த ஒண்ணு கண்ணுல படாமப் போச்சோ? மெஷின்ல பதிவு இருக்கும்ல, பார்த்துச் சொல்றீங்களா?"

"பார்க்கிறேன் தம்பி" என்றேன்.

அன்று மதியமே பார்த்தேன். மணி இரண்டு ஐம்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று ஒரே எண் கீழே கீழே ஓடியது. உயிருள்ள ஆறு ஒரே எண்ணைப் பதினொரு நிமிடம் சொல்லாது. முப்பத்தேழு என்னும், நாற்பது என்னும், ஏதாவது ஓர் அசைவு இருக்கும். இது ஆறு சொன்னதில்லை. கம்பம் போன பிறகு கருவி பதில் சொல்லவே இல்லை. பதில் வராத இடத்தில் நான் எழுதிய உறை பழைய பதிலை எடுத்து நீட்டியிருக்கிறது, சொன்னபடி, பிசகில்லாமல். பாக் துவிஜோவின் காலமாக இருந்திருந்தால் அந்த மௌனத்துக்கே எல்லோரும் கரையேறியிருப்பார்கள்.

ஆற்றின் உயரத்தைக் கேட்கும் ஃபங்ஷனின் தலைக்கு மேல் இருந்த அந்த ஒரு வரியை அழித்தேன். புதுக் கம்பம் நட்டதும் எல்லாம் சரியாக ஓடும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. வேறு எந்தக் காரணமும் சொல்லத் தெரியவில்லை. சுமிராவின் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது? இன்றைக்கு வேண்டாம், இறந்தவனுக்காக ஓதும் ஏழாம் நாள் துவா முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ஏழாம் நாள் சுமிரா வீட்டு அடுக்களையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். வாசலில் பிரசோஜோ வந்து நின்றான். யாரும் அவனுக்குப் பாய் விரிக்கவில்லை. சுமிரா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தேங்காய் துருவப் போனாள். துவா முடியும்வரை அவன் மாமரத்தடியில் நின்றிருந்தான். ஆள் ஆளாகச் சாப்பாட்டுப் பெட்டியுடன் வெளியே வரத் தொடங்கியதும் அவனைக் காணவில்லை.

அந்த வாரமே ஊரை விட்டுப் போய், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு செங்கல் சூளையில் சேர்ந்தான். அங்கிருந்து ஒரு செய்தி அனுப்பினான்: 'பதிவைப் பார்த்தீங்களா அக்கா?' பார்க்கிறேன் தம்பி என்று பதில் போட்டேன். இருபதாம் நாள் போன் செய்தான். அதையேதான் சொன்னேன்.

முப்பத்தாறாம் நாள் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பவோனோ என்று ஒருவர் கூப்பிட்டார். என் நிரலை நகல் வாங்கிப் போனவர்களில் ஒருவர்.

"உங்க புரோகிராம் பிரமாதம் அக்கா. ஸ்க்ரீன்ல ஒரு ஓட்டை கிடையாது. எங்க தலைவர் வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுறாரு. அந்தக் கடைசிப் பதிலை இன்னும் நாலு மெஷினுக்குப் போடலாம்னு இருக்கோம்."

என்னுடையதில் அழித்தேனே தவிர, அவர்களிடம் இருப்பது என் நினைவுக்கே வரவில்லை. எழுதியதைத் திரும்ப எழுத வேண்டாம் என்று அவர்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"ஆத்து உயரத்துக்கு மேல அந்த வரி இருக்குல்ல, அதை எடுத்திருங்க" என்றேன்.

"ஏன்க்கா? நல்லாத்தானே ஓடுது?"

"எடுத்திருங்க."

"எடுத்தா மறுபடியும் ஓட்டை தெரியுமே. நான் தலைவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

அவர் இரண்டு தடவை அலோ என்றார்.

"அது எங்க ஊர்ல ஒரு ஆளைக் கொன்னிருக்கு" என்றேன்.

"இப்ப ஆத்துல ஆள் இருக்கு அக்கா" என்று சொல்லி, போனை வைக்காமலே ஓடினார். அவர் ஓடுகிற செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

முகம் தெரியாத மனிதரிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்லவில்லை. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

முதலில் பாக் ஹார்கோவிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "விதின்னு எல்லாரும் ஏத்துக்கிட்டாங்கம்மா. ஆறின புண்ணை எதுக்குக் கீறணும்?" என்றார்.

"யாருக்கு ஆறிடுச்சு? பிரசோஜோவுக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஓட்டை தெரியாமல் செய்யச் சொன்னவர் அவர்தான் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். ஆனால் அவர் எப்படிச் செய்யச் சொன்னார்? எப்படி என்பது என்னுடையது.

நாற்பதாம் நாள் துவா பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு என்று வைத்திருந்தார்கள். நான் காலையிலேயே போய்விட்டேன். அடுக்களையில் பெண்கள் துவாவுக்கான அப்பெம் என்ற அரிசிமாவு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சுமிரா பின்கட்டில் தனியாக உட்கார்ந்து மூங்கில் பெட்டிகளில் வாழை இலை போட்டுக்கொண்டிருந்தாள். துவா முடிந்ததும் வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அனுப்ப வேண்டிய பெட்டிகள். நானும் எதிரே உட்கார்ந்து இலையைத் துடைத்தேன்.

"சுமிரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"முன்னாடி துவிஜோ ஐயா மூணு தடவை பதில் சொல்லலன்னா எல்லாரும் கரையேறுவாங்கல்ல?"

"அவரு கக்கூஸ் போனாக்கூட ஏறுவாங்க. எங்க வீட்டுக்காரரு வந்து புலம்புவாரு." அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

"அன்னிக்கு மேல இருந்த மெஷின் பதில் சொல்லல. சேறு அதை அடிச்சிட்டுப் போயிருச்சு. மெஷின் பதில் சொல்லலன்னா பழைய பதிலையே திருப்பிச் சொல்லுன்னு நான் எழுதி வச்சிருந்தேன். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே மாதிரி எழுதினேன், இதுக்கும் எழுதிட்டேன். ஸ்க்ரீன்ல முப்பத்தெட்டுன்னுதான் இருந்துச்சு. தம்பி படிச்சது சரி. ஆறு அதைச் சொல்லல, நான்தான் சொல்ல வச்சேன்."

அவள் இலையைப் பெட்டிக்குள் அழுத்தி வைத்தாள். விளிம்பு மடங்கியிருந்ததை நீவிவிட்டாள்.

"அவன் தூங்கலையா?"

"இல்ல."

"போன் நோண்டலையா?"

"இல்ல சுமிரா. நீ உக்காந்திருந்தாலும் நான் உக்காந்திருந்தாலும் முப்பத்தெட்டுன்னுதான் சொல்லியிருப்போம்."

அடுத்த பெட்டியை எடுத்தாள். அதற்கும் இலை போட்டாள். திட்டுவாள், அழுவாள், எழுந்து போ என்பாள் என்று நான் காத்திருந்தேன்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"மூணாம் நாள்."

"இன்னிக்கு நாப்பதாம் நாள்."

"ஆமா."

"ஏழாம் நாள் அவன் வாசல்ல நின்னான். நீ என் பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சே."

நிரலில் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கத்தான் நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதை அவள் கேட்கவே இல்லை.

துவா முடிந்தது. ஆண்கள் முன்வாசல் வழியாகவும் பெண்கள் பக்கவாசல் வழியாகவும் கிளம்பினார்கள். சுமிரா பக்கவாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் பெட்டியைக் கொடுத்தாள். என் முறை வந்தபோது உள்ளே போய்த் தனியாக வைத்திருந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். மூடி மூடாமல் புடைத்துக்கொண்டிருந்தது. கோழியின் தொடைத்துண்டு வெளியே தெரிந்தது.

"இது பிரசோஜோவுக்கு. நீயே கொண்டு போய்க் குடு. அக்கா குடுத்தாள்னு சொல்லு. நூறாம் நாள் துவாவை அவன்தான் முன்னால நின்னு நடத்தணும்னு சொல்லு."

"சொல்றேன்."

நான் நின்றேன். அவள் எனக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்குப் பெட்டியை நீட்டினாள். எங்கள் ஊரில் கூப்பிடாமல் வந்தவனுக்கும் பெட்டி உண்டு. அந்த நேரம் பார்த்துத் தெருவில் போகிறவனைக்கூடக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஸ்கூட்டரின் முன்கொக்கியில் அந்த ஒரே பெட்டியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சூளையில் பிரசோஜோ ஈரச் செங்கல்லைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தான். பெட்டியைக் கீழே வைக்காமல், கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உறை என்ன செய்தது, மூன்றாம் நாளே நான் என்ன அழித்தேன், எதையும் விடவில்லை.

"அப்போ முன்னாடி ஒண்ணு இல்லையா?" என்றான். "நூத்தி முப்பத்தெட்டு இல்லையா?"

"இல்ல தம்பி. வெறும் முப்பத்தெட்டுதான். நீ சரியாத்தான் படிச்சே."

அவன் அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்தான். முழங்கையால் முகத்தைத் துடைத்தான், முகமெல்லாம் மண்ணானது. பெட்டியைக் கொடுத்து அக்கா சொன்னதைச் சொன்னேன். வாங்கிக்கொண்டு என் கைகளைப் பார்த்தான், ஸ்கூட்டரைப் பார்த்தான்.

"உங்க பெட்டி எங்கக்கா?"

நான் ஸ்கூட்டரின் வெறும் கொக்கியைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து குழாயில் கை கழுவிவிட்டு வந்து பெட்டியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். அழுதுகொண்டே சாப்பிட்டான். எங்கள் ஊர்ப் பக்கம் யாராக இருந்தாலும் எதிரே நிற்கிறவரை ஒரு வாய் சாப்பிடச் சொல்வார்கள். அவன் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். இலையில் ஒட்டியிருந்த கடைசிப் பருக்கையையும் வழித்துத் தின்றான்.

பிறகு வெறும் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் உங்களை மூணு தடவை கேட்டேன் அக்கா" என்றான். "மூணு தடவையும் அதே பதிலைச் சொன்னீங்க."